வாசலுக்கு வெளியே மருதாயி

செத்துப்போனவள் தோசை சுடுவாளா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். அந்தமானில், அபர்டீன் பஜாரில், மணிக்கூண்டுக்குப் பின்பக்கத்து டிபன் கடையில், காலை ஆறு மணிக்கெல்லாம் கல்லில் தண்ணீர் தெளித்து, அது சீறுகிற சத்தத்திலேயே சூடு கண்டுபிடிக்கிறாளே ஒருத்தி, அவள் என்ன ஆவியா? அவள் கையால் சுட்டதை வாங்கித் தின்றுவிட்டு, கை கழுவின ஈரம் காய்வதற்குள், "பாவம், மருதாயியைக் கடல் கொண்டுபோயிருச்சாமே, டிவியில காட்டுனாங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்?

பத்துபஸ்தியில், விமானம் தாழப் பறந்தால் கூரைத் தகரம் அதிர்கிற பதினாறு வீட்டு வரிசை ஒன்று இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தவர்களின் வரிசை. அங்கே தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும். வம்பு தினமும் வரும். குழாயடியில் குடத்தை வைத்ததும் பேச்சைத் தொடங்குகிறவள் மரகதம், அந்த வரிசையின் சங்கத் தலைவர் ஆவுடையப்பனுக்கு வாய்த்த மனைவி.

"சொந்த அண்ணன் மவன், அத்தைன்னு ஆசையா வந்து நிக்கிறான். அவனை வாசல்ல விட்டுட்டு எறங்கிப் போனாளே, அவளுக்கு நெஞ்சுல இருக்கிறது என்ன, கல்லா?" என்பாள் மரகதம். "அரே, எனக்கு மட்டும் ஒரு நடிகன் அண்ணன் மவனா வந்திருந்தா, அந்தக் கார்லயே ஏறி மெயின்லேண்டுக்குப் போயிருப்பேன்."

காரில் ஏறி மெயின்லேண்டுக்கு! நடுவில் கடல் கிடப்பதுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை.

பணம் கேட்டாள், கொடுக்கவில்லை, அதனால் டிவியில் அவளைக் கொன்றுவிட்டார்கள் என்கிறவர்கள் உண்டு. கேமராவைப் பார்த்ததும் மூளை பிசகி உளறினாள் என்கிறவர்கள் உண்டு. ஓடிப்போனாள் என்கிறார்களே, அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பொய். அவள் ஓடவில்லை. நடந்துதான் போனாள். செருப்புப் போட்டுக்கொண்டு நடந்து போனாள். பதினாறு வீட்டுச் சனமும் பார்த்துக்கொண்டுதானே நின்றது? அன்று அவள் வாய்விட்டுச் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட டிவி காட்டவில்லை. அந்த நிம்மதியில் வருகிற சிரிப்பு இது.

'கொடிவழி' என்று அந்த நிகழ்ச்சிக்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சினிமாக்காரரையோ பாட்டுக்காரரையோ சோபாவில் உட்காரவைத்து, உங்கள் பாட்டன் இவர், பூட்டன் இவர், இந்த ஊரிலிருந்து இந்த ஊருக்குப் போனார்கள் என்று பழைய காகிதங்களை எடுத்து நீட்டுவார்கள். அவர் கண்ணைத் துடைப்பார். உடனே பற்பசை விளம்பரம் வரும். ஏன், பேர் பெற்றவனுக்கு மட்டும்தான் பாட்டன் இருந்தானா? தோசை சுடுகிறவளெல்லாம் பாறையில் முளைத்தவளா? அவளைப் பெற்றவள் யார், எங்கே போனாள் என்று எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த டிவி கேட்டது? நடிகனின் கதைக்கு முடிவில் ஓர் அழுகை தேவைப்பட்டபோதுதான் அவள் இருக்கிற விலாசம் அவர்களுக்குத் தெரிந்தது. அந்த அழுகை கிடைக்காமல் போனதும் என்ன செய்தார்கள்? நடிகன் யோகராஜை வெள்ளைச் சட்டையோடு ஒரு கடற்கரையில் நிறுத்தி, இலையில் விளக்கு வைத்து அலையில் விடச் சொல்லி, "என் அத்தை மருதாயி, சுனாமியில், இந்தக் கடலில்..." என்று பேசவைத்துப் படத்தை முடித்துவிட்டார்கள்.

அந்த யோகராஜின் அப்பா அழகையா. இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழரில் இத்தனை பேரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவது என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்த காலத்தில், அவர் பெண்டாட்டி வீட்டாரோடு முதலில் கப்பல் ஏறிப் போய், கோத்தகிரியில் குடியேறினார். மறு வருடம் அவருடைய அப்பா சொக்கலிங்கமும் அம்மா ஜெயமணியும் பத்து வயதுத் தங்கை மருதாயியும் புறப்பட்டார்கள். அவர்களைச் சென்னையோடு நிறுத்தாமல் இன்னொரு கப்பலில் ஏற்றிக் கச்சாலுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுத்து தெரியாத இரண்டு குடும்பம், நடுவில் கடல். அந்தமான் பக்கம் போனார்கள் என்று யாரோ சொன்ன சேதியோடு அறுந்துபோயிற்று. "அந்தமான்ல எனக்கு ஒரு தங்கச்சி இருக்கு" என்று பிள்ளையிடம் சொல்லிச் சொல்லியே அழகையா கண்ணை மூடினார்.

2013-ஆம் வருடம் மாசி மாதத்தில், தோள்பை மாட்டிய ஒல்லி ஆள் ஒருவன் பத்துபஸ்திக்கு வந்தான். டிவிக்காகக் காகிதம் தேடுகிறவன். அவன் கையில் பழைய குடும்பக் கார்டின் நகல் இருந்தது: சொக்கலிங்கம், மனைவி ஜெயமணி, மகள் மருதாயி, வயது பத்து. இன்னொரு தாளில் கச்சால் தோட்டத்துப் பேர்ப்பதிவு: மருதாயி, தகப்பன் சொக்கலிங்கம், ரப்பர் பால் வெட்டுகிறவள்.

"நீங்கதானேம்மா இது?"

அவள் வாசலில் நின்றபடி, "ஆமா, நாந்தான் மருதாயி" என்றாள். நாற்பத்து மூன்று வருடமாக வாசலில் நின்று சொல்லிவந்த பதில். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சாத்தியதும் அவள் மருதாயி இல்லை.

அவள் பெயர் செல்லாயி.

ஹட்டன் பக்கத்து அதே தோட்டம், அதே ஏழாம் லயம், ஒற்றை அறைக் காம்பராக்களின் வரிசை. சொக்கலிங்கத்தின் காம்பராவுக்கு இரண்டு காம்பரா தள்ளி அவளுடைய அம்மா சொர்ணம்மா இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள், புருசனை இழந்தவள், நாலு பிள்ளைக்காரி. அவளுக்கு இந்தியக் கார்டும் இல்லை, இலங்கைக் கார்டும் இல்லை. புருசன் போட்ட மனு அவன் செத்ததோடு எந்த மூட்டைக்குள்ளோ போய்விட்டது.

சொக்கலிங்கம் வீட்டுக்குக் கப்பல் தேதி வந்தது. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கையில், அவர் மகள் மருதாயி காய்ச்சலில் செத்துப்போனாள். செத்தது தெரிந்தால் கார்டைத் திருத்த வேண்டும். திருத்தக் கொடுத்தால் தேதி போய்விடும், மறுபடி எந்த வருடமோ. மழை கொட்டுகிற ஒரு பின்னேரம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, லயத்துக்கு மேலே முள்முருங்கை மரத்தடியில் பிள்ளையைப் புதைத்தார்கள். தப்பு அடிக்கவில்லை. ஒப்பாரி இல்லை. மறுநாள் காலையில் ஜெயமணி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். "மக எங்க, காணோம்?" என்று கங்காணி கேட்டதற்கு, "காய்ச்சல்ல படுத்திருக்கு" என்றாள். அழுதால் கண் சிவக்கும் என்று, அழாமல் பறித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் சொர்ணம்மா போய் அவள் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஒங் கார்டுல ஒரு எடம் சும்மா கெடக்கு, ஜெயமணி. எம்புள்ள ஒண்ணையாவது அக்கரைக்குக் கொண்டுபோயிரு. இங்க கெடந்தா நாலும் காஞ்சு போவும்."

அடுத்த பத்து நாளும் சொர்ணம்மா மகளுக்குப் பாடம் நடத்தினாள். 'அம்மா' என்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். 'சொர்ணக்கா' என்று கூப்பிட்டால்தான் சோறு. ஒன்பது வயதுப் பிள்ளை அழுதது, காலைக் கட்டிக்கொண்டது, ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தது. அவள் அசைந்து கொடுக்கவில்லை. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி புறப்படும்போது, போகிற சனமும் நிற்கிற சனமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறியது. இந்தப் பிள்ளை மட்டும் பிசகில்லாமல் சொன்னது: "போயிட்டு வாரேன், சொர்ணக்கா."

"கவனமா போயிட்டு வா, மருதாயி" என்றாள் சொர்ணம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளையை வழியனுப்புகிறவள் மாதிரி.

பெற்றவள் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. அதில் அவள் பெயர்கூட இல்லை.

ஜெயமணியைக் குறை சொல்ல முடியாது. கச்சாலில் கொடுத்த வீட்டுக்குள் முதல் நாள் கால் வைத்ததும், நிலைப்படியில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். "இந்தக் கோட்டுக்கு உள்ள நீ செல்லாயி, நான் ஒனக்குப் பெரியம்மா. கோட்டைத் தாண்டுனா நீ மருதாயி, நான் அம்மா. மறந்துறாத புள்ள." சொன்ன வார்த்தை தவறவில்லை. கறியோ மீனோ ஆக்குகிற நாளில் முதல் கவளத்தை இலைத்துண்டில் எடுத்து மூலையில் வைக்கச் சொல்வாள். முள்முருங்கையடியில் கிடக்கிற பிள்ளைக்கு அது. வைக்கிறவள் செல்லாயி. தான் சுமக்கிற பெயருக்குத் தன் கையாலேயே படைத்து வளர்ந்தவள் அவள்.

வளர்ந்தாள், பால்வெட்டுக்குப் போனாள். விடியலில் முந்நூறு மரம். பட்டையைக் கத்தி தொடும்போது பேசக்கூடாது, பேசினால் கை ஆழம் போய்விடும் என்பாள். அப்படித்தான் அவள் பேச்சுக் குறைந்தது, திமிரால் இல்லை. சம்பளத் தாளில் போட ஒரே ஒரு கையெழுத்துப் பழகினாள், அதுவும் அடுத்தவள் பெயர். முருகானந்தத்தைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமான மூன்றாம் நாள் கதவைச் சாத்திவிட்டு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "சரி செல்லாயி, சோத்தைப் போடு" என்றான். அவ்வளவுதான் அவன். அன்றிலிருந்து வீட்டுக்குள் அந்தப் பெயர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஒலித்தது. சொக்கலிங்கமும் ஜெயமணியும் அடுத்தடுத்துப் போன பிறகும் ஒலித்தது. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மீன் வந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று படகுத்துறை ஜெட்டிக்குப் போனவனைக் கடல் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவளைச் செல்லாயி என்று கூப்பிட உலகத்தில் ஒரு வாய் இல்லை. மகள் தமிழரசிக்குத் தெரியும்தான். பெற்ற மகள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாளா?

இப்படி இருக்கிறவளிடம் டிவிக்காரர்கள் கேட்டது என்ன? பெரிதாக ஒன்றுமில்லையாம். யோகராஜ் ஒரு போட்டோ கொண்டுவருவான். கார்டுக்காக எடுத்த போட்டோ, அழகையா பெட்டியில் இருந்தது. அதைக் கையில் பிடித்து, "இது எங்கம்மா ஜெயமணி, இது நான்" என்று சொல்லிவிட்டு, அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்.

சொர்ணம்மா என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்குக் கடலுக்கு இந்தப் பக்கம் மிச்சமிருந்த சாட்சி செல்லாயி ஒருத்திதான். அவளும் போய், நாடெல்லாம் பார்க்க, என்னைப் பெற்றவள் வேறொருத்தி என்று சொல்லிவிட்டால், சொர்ணம்மா பிறக்கவே இல்லை என்றுதான் ஆகும். அப்படிச் சொல்லாமல் உண்மையைச் சொன்னாலோ, குடும்பக் கார்டு பொய். அது பொய்யென்றால் தோட்டத்து வேலை பொய். அதைக் காட்டி வாங்கிய, தீவுவாசி என்கிற ஐலண்டர் கார்டும் பொய். அந்த ஐலண்டர் கார்டை வைத்துத்தான் தமிழரசி நர்சிங் சீட்டுக்கு மனுப் போட்டிருந்தாள்.

ஆவுடையப்பன் ஒரு மத்தியானம் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, கேக்குறதுக்கு ஆமான்னு தலையாட்டிட்டுப் போ. க்யா ஃபரக் படேகா? என்ன கொறஞ்சு போவுது? ஜெயமணியம்மா ஒனக்குச் சோறு போட்டவங்கதானே?"

"சோறு போட்டாங்க. பெத்தது அவங்க இல்லண்ணே."

"மெதுவா பேசு! ஒன் கார்டைத் தோண்டுனா ஒன்னோட நிக்காது. ரெண்டாம் வீட்டைத் தோண்டுவான், அஞ்சாம் வீட்டைத் தோண்டுவான்..."

"ஒம்பதாம் வீட்டையும் சொல்லுங்க. அது ஒங்க வீடு. ஆவுடையப்பன்கிறது நெசமா ஒங்க பேருதானா?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நான் சங்கத்துக்காகப் பேசுறேன்" என்றார். அந்த வரிசையில் யாருடைய தம்பியாக யார் வந்தார், யாருடைய மகளாக யார் வந்தாள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவர் கார்டை ஒருவர் கேட்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. மரகதம் மட்டும் அடுத்தவள் கல்நெஞ்சைப் பற்றிக் குழாயடியில் பேசலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

தமிழரசி அழவில்லை. நேராகக் கேட்டாள்.

"எனக்காக ஒரே ஒரு வார்த்தை சொல்லமாட்டியாம்மா?"

"ஒங்க பாட்டி எனக்காகப் பத்து நாள் மனசைக் கல்லாக்கிட்டு இருந்தா, தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். அப்ப நீ எனக்காக ஒரு நிமிசம் இரு."

செல்லாயி இரண்டு நாள் தோசைக் கல்லின் முன்னால் யோசித்தாள். முதலாளி இரண்டு தடவை கருகல் வாசனை என்று சத்தம் போட்டார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, "சரி, சொல்லிர்றேன்" என்றாள். ஆமாம், ஒத்துக்கொண்டாள். கல்நெஞ்சக்காரி, திமிர் பிடித்தவள் என்கிறீர்களே, அவள் ஒத்துக்கொண்டுதான் அந்த நாளுக்குள் போனாள்.

படம் பிடிக்க வந்தவர்கள் முதலில் வீட்டைக் காலி செய்தார்கள். டைரக்டர் ஒரு பெண். கழுத்தில் பெரிய மணிமாலை, பேச்சில் நிமிடத்துக்கு ஒரு 'அம்மா'. "இந்த ஃபிரிட்ஜை மறைச்சிடுங்க. டிவி வேணாம். பிளாஸ்டிக் சேர் வேணவே வேணாம்." எல்லாவற்றையும் பின்பக்கம் தள்ளிவிட்டு, எங்கிருந்தோ ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார்கள். அந்த வரிசையில் அதுவரை எவரும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்ததில்லை. அவள் கட்டியிருந்த நல்ல புடவையை மாற்றி ஒரு சாயம் போன புடவையைக் கொடுத்தார்கள். கடைசியில் டைரக்டர் அவள் காலைப் பார்த்தாள்.

"அம்மா, செருப்பு வேணாம்மா. வெறுங்கால்ல வந்தா இன்னும் நேச்சுரலா இருக்கும்."

"நான் வெறுங்காலோட நடக்கிறதில்லியே."

"இன்னைக்கு மட்டும்மா. ப்ளீஸ்."

யோகராஜ் கேட்டுக்கு வெளியே நிற்பான். அவள் கதவைத் திறந்து வர வேண்டும், அவனைப் பார்க்க வேண்டும், வாயில் கை வைக்க வேண்டும், இரண்டு படி இறங்கி ஓட வேண்டும். அவனைக் காலையிலேயே பார்த்தாகிவிட்டது, வணக்கம் சொன்னான், டீகூடக் குடித்தான். ஆனாலும் இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறாளாம்.

முதல் தடவை விமானம் இறங்கிற்று. இரண்டாம் தடவை அவள் கேமராவைப் பார்த்துவிட்டாள். மூன்றாம் தடவை, புதுப் பட்டுப் புடவையும் நாலு முழப் பூவுமாக மரகதம் நடுவில் குறுக்கே வந்து நின்றாள். நாலாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது. கண்ணீர்தான் வரவில்லை.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் சுனாமியில போனாருல்ல? அவரை நினைச்சுக்குங்க" என்றாள் டைரக்டர்.

இதைக் கேட்டுக்கொண்டு பதினாறு வீட்டுச் சனமும் நின்றது. மரகதம் பூவைச் சரிசெய்துகொண்டாள்.

ஒவ்வொரு தடவையும் நிலைப்படிக்கு உள்ளே போனால் செல்லாயி, வெளியே வந்தால் மருதாயி. ஒரே காலையில் நாலு தடவை அவள் அந்தக் கோட்டைத் தாண்டினாள். ஐந்தாம் தடவைக்கு டைரக்டர் போட்டோவைக் கையில் கொடுத்தாள்.

"இப்ப இதோட வாங்கம்மா. வாசல்ல நின்னு, இது எங்கம்மா, இது நான்னு சொல்லுங்க. அழுகை தானா வரும்."

போட்டோவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள். இருட்டாக இருந்ததால் பின் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். சொக்கலிங்கம் உட்கார்ந்திருந்தார். ஜெயமணி, இளம் ஜெயமணி, நின்றுகொண்டிருந்தாள். அவள் இடுப்பை ஒட்டி ஒரு பிள்ளை. இரண்டு காம்பரா தள்ளி இருந்த பிள்ளைதான், சேர்ந்து விளையாடிய பிள்ளைதான், ஆனால் அந்த முகம் செல்லாயிக்கு மறந்தே போயிருந்தது. கவுன் மறக்கவில்லை. கழுத்துப்பட்டியில் தைத்த தையல், மூன்று பொத்தானும் ஒரு மாதிரி, நாலாவது மட்டும் பெரிசு. அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டுதான் அவள் கப்பல் ஏறினாள். கச்சாலில் அதன் கை கிழிகிற வரைக்கும் போட்டாள். அந்தப் பெரிய பொத்தானைத் திருகித் திருகித்தான் முதல் மாதமெல்லாம் தூங்கினாள்.

போட்டோவில் அந்தப் பிள்ளை தன் கவுனைத் தானே போட்டுக்கொண்டு, தன் அம்மாவை ஒட்டித் தன் பெயரோடு நின்றது. பெயரை எடுத்தாயிற்று. கவுனை எடுத்தாயிற்று. கப்பலில் அதன் இடத்தையும் எடுத்தாயிற்று. செத்ததற்கு அழக்கூட விடாமல் எடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது அந்த முகம். இப்போது அதையும் கேட்கிறார்கள், இது நான் என்று சொல்லச் சொல்லி.

"என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டு தமிழரசி பக்கத்தில் வந்தாள்.

"பாரு. எனக்குப் பேரு குடுத்தவ."

தமிழரசி போட்டோவை வாங்கிப் பார்த்தாள். வெளியே டைரக்டர், "அம்மா, ரெடியா? லைட்டு போகுதும்மா" என்று கூப்பிட்டாள். தமிழரசி அம்மாவைப் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள். அந்தப் பெண் மனதுக்குள் அப்போது எத்தனை வருடத்துப் படிப்பு வந்து போயிற்றோ, யார் கண்டது. போட்டோவைத் திருப்பிக் கொடுத்தாள். குனிந்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தள்ளிவைத்திருந்த செருப்பை எடுத்து அம்மாவின் காலடியில் போட்டாள்.

"வெளிய ஜல்லி குத்தும். போட்டுக்கிட்டுப் போ."

செல்லாயி செருப்பைப் போட்டாள். சாயம் போன புடவையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கதவைத் திறந்தாள். நிலைப்படியில் ஒரு கணம் நின்று கீழே பார்த்தாள். கோடு ஒன்றும் இல்லை, சிமெண்டுதான். தாண்டினாள்.

"கட், கட்! செருப்பு! யாரு அம்மாவுக்குச் செருப்பு குடுத்தது?" என்று டைரக்டர் கத்தினாள். கேமராக்காரன் நிறுத்தவில்லை. அவள் படி இறங்கி, வாயில் கை வைக்காமல், ஓடாமல், நேரே யோகராஜிடம் போய்ப் போட்டோவை அவன் கையில் வைத்தாள். பிள்ளையின் முகத்தின் மேல் விரலை வைத்தாள்.

"தம்பி, இதுதான் ஒங்க அத்தை மருதாயி. பத்து வயசுல காய்ச்சல்ல போயிருச்சு. ஏழாம் லயத்துக்கு மேல, முள்முருங்கையடியில கெடக்கு. அன்னைக்கு அதுக்காக வாய்விட்டு அழ ஒருத்தருக்கும் முடியல. ஒங்கப்பா முந்தின வருசமே கப்பலேறிட்டாரு, அவருக்குத் தெரியாது. நீங்க அந்தப் பக்கம் போனா ஒரு வெளக்கு ஏத்துங்க."

அவன் கேமராவை மறந்து அந்த முகத்தையே பார்த்தான். நடிப்பு இல்லை, அது உண்மை. "அப்ப... நீங்க யாரு?" என்றான்.

"செல்லாயி. சொர்ணம்மா மக."

"பந்த் கரோ! கேமராவை நிறுத்துங்க!" என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆவுடையப்பன் பாய்ந்து வந்தார். "அவளுக்கு மூளை சரியில்ல, சுனாமிக்கப்புறம் இப்படித்தான், எழுதாதீங்க, எழுதாதீங்க!" மரகதம் தலையில் அடித்துக்கொண்டதில் நாலு முழப் பூவில் ஒரு முழம் அறுந்து விழுந்தது. டைரக்டர் யாருக்கோ போன் போட்டாள். யோகராஜ் போட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றான், விளக்கை எங்கே ஏற்ற வேண்டும் என்று அவனுக்கு இப்போது தெரியும்.

செல்லாயி திரும்பிப் பார்க்கவில்லை. ஆவுடையப்பனைத் தாண்டி, மரகதத்தைத் தாண்டி, கீழே கிடந்த பூவை மிதிக்காமல் தாண்டி, ரோட்டுக்கு ஏறினாள். அபர்டீன் பஜார் பஸ் வளைவில் வந்துகொண்டிருந்தது. மத்தியானக் கூட்டத்துக்கு இன்னும் ஒரு குண்டான் மாவு கரைக்க வேண்டும். அவள் கையைக் காட்டினாள்.